வெற்றிடமும் ஓர் உண்மையே

சிதைந்த கற்கோயிலைச் செப்பனிடுவோர் எதற்குக் கடமைப்பட்டவர்? முழுமையின் அழகுக்கா? எஞ்சி நிற்கும் உண்மைக்கா?

சாவகத்துப் போரோபுதூர் இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது. அதன் அடித்தளத்துள் மறைந்திருந்த சிற்ப வரிசை 1885-இல் கண்டறியப்பட்டது. மூடியிருந்த கற்களைப் பெயர்த்து, அங்கிருந்த 160 சிற்பங்களையும் 1890, 1891ஆம் ஆண்டுகளில் சாவகரான காசியன் செபாஸ் ஒளிப்படம் எடுத்தார். பின்னர்க் கற்கள் மீண்டும் அடுக்கப்பட்டன. இன்று தென்கிழக்கு மூலை மட்டுமே திறந்துள்ளது; ஏனையவற்றுக்கு அப்படங்களே சாட்சி.

1907 முதல் 1911 வரை தியோடோர் வான் எர்ப் அப்பௌத்தக் கோயிலைச் செப்பனிட்டார். உச்சித் தூபியின்மேல் கற்குடை ஒன்றையும் எழுப்பினார். ஆயினும், அதற்குரிய மூலக்கற்கள் போதிய அளவு கிட்டாமையால் அதனை அகற்றிவிட்டார். உச்சி வெறுமையாயிற்று, உண்மை காக்கப்பட்டது.

அவ்வாறாயின், இடிவதை இடியவே விட்டுவிடலாமோ? அன்று. சாயும் சுவரைத் தாங்குதல் கடமை. ஊகத்தைக் கல்லாக்கி அதனைப் பழமை எனல் பொய். ஒளிப்படமும் தான் கண்ட நாளின் நிலையையே கூறும்; அதற்கு முந்தியதை அறியாது.

1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏட்டில் சிதைந்த இடங்களைத் தம் சொல்லால் நிரப்பினாரல்லர்; புள்ளியிட்டுக் காட்டினார். அப்புள்ளிகளும் அவ்வெற்றுச்சியும் உணர்த்தும் அறம் ஒன்றே: முன்னோர் விட்டதைக் காப்போம், விடாததை அவர் பெயரால் படையோம்.