சங்கும் சீவகாருண்யமும்

ஆலயங்களிலே பூசை வேளையில் சங்கநாதம் எழுகின்றது. கும்பாபிஷேகத்தை அடுத்துவரும் மண்டலப் பூர்த்தியன்று 108 அல்லது 1008 சங்குகளில் தீர்த்தம் நிரப்பிச் சங்காபிஷேகம் செய்யப்படுகின்றது. அச்சங்கு ஒவ்வொன்றும் ஓர் உயிர் குடியிருந்த வீடு என்பதை நினைப்பவர் சிலரே.

அவ்வுயிர் ஒரு கடல் நத்தை. டர்பினெல்லா பைரம் என்பது விஞ்ஞானிகள் அதற்கிட்ட பெயர். மன்னார், யாழ்ப்பாணக் கடல்களின் மணற்றரையில் ஊர்ந்து, புழுக்களை உண்டு, தன்னுடலிற் சுரக்கும் சுண்ணத்தால் அவ்வீட்டைச் சிறிது சிறிதாகக் கட்டுகின்றது. சுழியோடிகள் அதனை உயிருடன் எடுக்கின்றனர். சதையை நீக்கி, மேலே மூடியிருக்கும் பழுப்புத் தோலையும் சுரண்டிய பின்னரே வெண்மை வெளிப்படும்.

அங்ஙனமாயின், கொல்லாமையைப் பேரறமாகக் கொண்ட சைவர்களின் பூசைக்கு இது எவ்வாறு பொருந்தும்?

இறைவனுக்கு அர்ப்பணித்தபின் குற்றமில்லை என்பர் சிலர். இது வசதியான விடை. பட்டுக்கும் தவிலின் தோலுக்கும் இதையே சொல்லித் தப்பலாம். பாவம் பிடித்தவனோடு போகும் என்பர் வேறு சிலர். இது அதனினும் பிழை. குடும்பத்துக்காக மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்குகின்ற ஏழை மீது பழியைப் போட்டுவிட்டு, பொருளை மட்டும் வாங்கிக்கொள்வது அறமாகாது. வாங்குபவர் இல்லையேல் விற்பவரும் இல்லையென்ற நியாயத்தைப் புலால் மறுத்தலில் வள்ளுவரே எடுத்துரைத்தார்.

யாழ்ப்பாணக் கடனீரேரியின் சேற்றிலிருந்து, நெடுங்காலத்துக்கு முன் தானாக இறந்த நத்தைகளின் சங்குகளும் தோண்டி எடுக்கப்பட்டதுண்டு. அவற்றிலே கொலை இல்லை. ஆயினும் மினுக்கம் குறைவென்று சந்தையில் அவற்றுக்கு மதிப்புக் குறைவு. மினுக்கத்தைக் கேட்பது சுவாமியா, வாங்குபவரா? (வலம்புரி வீட்டிலிருந்தால் செல்வம் கொழிக்குமென்று இலட்சக்கணக்கிற் கொடுத்து ஏமாறுபவர்களின் கதை வேறு. அது பக்தியே அல்ல.)

தண்ணீரூற்றுக்கு அயலிலுள்ள முள்ளியவளை காட்டு விநாயகர் ஆலயத்தில், வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலையொட்டி உப்புநீரில் விளக்கெரிவதை ஊரறியும். அதற்கான தீர்த்தமும் கடலிலிருந்தே எடுக்கப்படுகின்றது. ஒரு குடம் நீரை எடுப்பதாற் கடல் குறைவதில்லை. சங்கு அப்படியன்று. வளர்ந்து இனம் பெருக்குமுன் எடுத்தால் வழித்தோன்றலே அற்றுப்போகும். இதனாலேயே 70 மில்லிமீற்றர் விட்டத்துக்குக் குறைந்த சங்கைப் பிடிக்கலாகாதென இலங்கையின் 2003ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் தடுத்தன. விலை மலிவென்று சிறு சங்கை வாங்குபவர், அவ்விதி மீறப்படுவதற்குத் துணைபோகின்றார்.

சங்கு உக்கிப்போகும் பொருளன்று. பேணிவைத்தால் ஒரே சங்கு பேரன் காலத்துப் பூசைக்கும் உதவும். போரிலே யாவற்றையும் இழந்த ஆலயம் புதிதாக வாங்குவதை எவரும் குறைகூற முடியாது. ஆனால் ஒருநாட் கிரியைக்கென ஆயிரம் புதுச்சங்கு வாங்கிப் பின் பெட்டியிற் பூட்டிவைப்பது சிந்திக்கவேண்டியது. உபயகாரர் ஒருவர் சங்கு வாங்கித்தர முன்வரும்போது, அயலூர் ஆலயத்திலே ஏற்கெனவே உள்ளனவா என்று பரிபாலன சபையினர் முதலில் விசாரிக்கலாம். இரவல் பெற்ற சங்கிலும் அதே தீர்த்தந்தான் நிரம்பும்.