பொறுப்பில் வந்த பிள்ளை

1941 டிசம்பர் 16ஆம் நாள் இரவு, பினாங்கிலிருந்த வெள்ளையர்கள் ஓசையில்லாமல் படகேறித் தீவைவிட்டுப் போனார்கள். ஐந்து நாட்களுக்கு முன்புதான் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் வீதிகளில் குண்டு போட்டிருந்தன. விமானம் பறப்பதை வேடிக்கை பார்க்கத் தெருவில் வந்து நின்ற சனங்கள் நூற்றுக்கணக்கில் மாண்டுபோனார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தத் தீவுக்குத் தன்னையே காவல் என்று சொல்லிக்கொண்ட ஆட்சி, காக்கப்பட வேண்டியவர்களிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் கிளம்பிவிட்டது. கார்ன்வாலிஸ் கோட்டைக் கொடிக்கம்பத்தில் அதன் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. அதை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றியவர் எம். சரவணமுத்து. ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியர், இலங்கைத் தமிழர். ஜப்பானியர் 19ஆம் தேதி வந்து சேரும்வரை ஊர்க்குழு ஒன்றை அமைத்து ஊரைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான். அவர் படைவீரர் இல்லை, அதிகாரியும் இல்லை. போகாமல் இருந்தார், அவ்வளவே.

அப்படிப் போகாமல் நிற்பவரைக் குறிக்க வேண்டிய ‘பாதுகாவலர்’ என்ற சொல்லை மலேசியத் தமிழர்கள் அதிகமாகப் பார்ப்பது பள்ளிக்கூடப் படிவங்களில். ‘பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்’ என்ற கோட்டுக்கு மேலே பெயரை எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தச் சாய்கோட்டுக்கு வலப்பக்கம் நிற்பவரின் கடமை என்ன, எல்லை என்ன, அவரைக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு என்பதை நம் சமூகம் உட்கார்ந்து பேசியதில்லை. பேச வேண்டிய நேரம் இது.

ஒருவரை மனத்தில் வைத்துப் பார்க்கலாம். இருபது ஆண்டுகள் மலேசிய இராணுவத்தில் இருந்தவர். 1990களில் ஐ.நா. அமைதிப்படையோடு சோமாலியாவுக்கும் போஸ்னியாவுக்கும் போன மலேசிய வீரர்களில் ஒருவர் என்றே கொள்வோம். ஓய்வுக்குப் பிறகு வாகன உதிரிப்பாகக் கடை வைத்தார். இப்போது இரண்டு லாரிகளும் ஓடுகின்றன. அவர் கண்ணில் ஒரு பையன் படுகிறான். மியன்மாரின் ராக்கைனிலிருந்து படகில் வந்த ரோஹிஞ்சா பையன், பதினாறு வயது. 2017இல் எரிந்த கிராமங்களில் ஒன்று அவனுடையது. தோளில் வடு, இரவில் தூக்கமில்லை, ஆள் யாருமில்லை. ‘இவனை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறார் அவர். இது கற்பனை ஆள்தான். ஆனால் ரோஹிஞ்சாக்கள் ஆயிரக்கணக்கில் வாழும் பினாங்கில் இப்படி ஒருவரைக் கற்பனை செய்யப் பெரிய முயற்சி தேவையில்லை.

ஊர் உடனே ‘புண்ணியம்’ என்று சொல்லும். அந்தச் சொல்லில் ஓர் ஆபத்து இருக்கிறது. புண்ணியம் செய்தவர் பக்கம் போய்ச் சேரும் கணக்கு அது. பையன் பக்கம் என்ன வந்தது என்று அது கேட்பதில்லை.

தமிழ் மரபில் போரால் அனாதையான பிள்ளைகளுக்குப் பாதுகாவலராக நின்றவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் கபிலர். மூவேந்தரும் சேர்ந்து பறம்பு மலையை முற்றுகையிட்டு, அதை ஆண்ட நண்பன் பாரி இறந்தபின், அவனுடைய மகளிர் இருவரையும் கூட்டிக்கொண்டு அவர் ஊர் ஊராக நடந்தார். விச்சிக்கோவிடம் கேட்டார், இருங்கோவேளிடம் கேட்டார். இருவரும் பெண்களை ஏற்கவில்லை. கடைசியில் பார்ப்பனரிடம் அவர்களை ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்து உயிர் துறந்தார் என்கிறது மரபு. நண்பனுக்காக உயிரையே விட்டவர் என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகப் போற்றுகிறோம். போற்றத் தகுந்தவர்தான். ஆனால் அந்தப் பெண்கள் பக்கம் நின்று பார்த்தால் அடிவயிறு கலங்குகிறது: தகப்பனை இழந்தார்கள், மலையை இழந்தார்கள், பிறகு தகப்பனிடத்தில் நின்றவரையும் இழந்தார்கள். அரசர்களிடம் கபிலர் பேசிய பாட்டுகள் புறநானூற்றில் இருக்கின்றன. பாரி மகளிர் பெயரில் இருப்பது ஒரே ஒரு சிறு பாட்டு. அது இழந்ததை மட்டும் சொல்கிறது. யாரிடம் போக விரும்பினார்கள் என்று அவர்களைக் கேட்ட பாட்டு ஒன்றும் இல்லை. கபிலரின் துயரம் உண்மையானது. அது அவருடைய துயரம். பாதுகாவலர் தன் துயரத்தைத் தீர்த்துக்கொள்ளும் வழி, பொறுப்பில் வந்த பிள்ளைக்கு நல்ல வழியாகவும் இருக்கும் என்று எந்த விதியும் கிடையாது.

முன்னாள் படைவீரர் விஷயத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. போர் பார்த்தவருக்குப் பலம் ஒன்று உண்டு, அதை வேறு யாரும் எளிதில் பெற முடியாது. பட்டாசுச் சத்தத்துக்கு மேசைக்கடியில் ஒளியும் பதினாறு வயதுப் பையனைப் பார்த்து அவர் சிரிக்கமாட்டார். ‘நடந்ததைச் சொல்லு’ என்று நச்சரிக்கவும் மாட்டார். இன்னொன்றும் உண்டு. போரில் வடுப்பட்ட பிள்ளைகள் எல்லாரும் அடி வாங்கியவர்கள் மட்டும் இல்லை. சிலர் கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்டவர்கள். இலங்கையில் 2009க்குப் பின் மறுவாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்ட முன்னாள் போராளிகளில் 594 பேர் சிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளை ஒருநாள் வாய் திறந்தால் நல்ல மனம் படைத்த சாதாரணக் குடும்பம் மிரண்டுவிடக்கூடும். ஆயுதம் ஏந்தியவர் மிரளாமல் கேட்பார். அந்தக் கேட்டல் பெரிய கொடை.

பலம் இருக்குமிடத்திலேயே பலவீனமும் இருக்கிறது. மலாயாக் காட்டை அறிந்தவர்களுக்கு ஃப்ரெடி ஸ்பென்சர் சாப்மன் பெயர் தெரியும். 1942 தொடக்கத்தில் ஜப்பானியப் படையின் முதுகுப் பக்கமாகக் காட்டுக்குள் போன பிரிட்டிஷ் அதிகாரி. மூன்று ஆண்டுகளுக்கு மேல் மலேரியாவோடும் காயங்களோடும் உள்ளேயே கிடந்து, 1945 மே மாதம் பங்கோர் கடற்கரையிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் தப்பியவர். 1962 முதல் 1966 வரை அவர் இங்கிலாந்தின் சசெக்ஸ் வட்டாரத்தில் பெஸ்டலோசி சிறார் கிராமத்துக்குப் பொறுப்பாளராக இருந்தார். போரால் வீடிழந்த பிள்ளைகளுக்கென உருவான கிராமம் அது. அவர் காலத்தில் திபெத்திய அகதிப் பிள்ளைகளும் அங்கே வந்து சேர்ந்தார்கள். சாப்மன் 1971இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். ஏன் என்று ஒரு வரியில் சொல்லிவிடும் உரிமை யாருக்கும் இல்லை. போர்தான் காரணம் என்று அடித்துச் சொல்வதும் தவறு. ஆனால் படையிலிருந்து வந்து பிள்ளைகளைப் பொறுப்பேற்க நினைக்கும் எவரும் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள அந்த வாழ்க்கை போதும்: என் காயம் ஆறிவிட்டதா, அல்லது இந்தப் பையனை ஆற்றுவதன் மூலம் என் காயத்தை ஆற்றப் பார்க்கிறேனா?

முழுதாக ஆறியவர்தான் வர வேண்டும் என்றால் யாரும் வரமுடியாது. கேட்பது அவ்வளவு இல்லை. தன் இரவுகளைப் பேசப் பாதுகாவலருக்கு வேறொரு பெரியவர் இருக்க வேண்டும்: மனைவியோ, பழைய படைத்தோழரோ, மருத்துவரோ. பையன் தூங்கப் போனபிறகு அவனிடமே போய்த் தன் போரைக் கொட்டினால், அன்றிரவு யார் யாருக்குப் பாதுகாவலர்?

படைவீரர் என்பது அவரில் ஒரு பாதி. வியாபாரி என்ற மறுபாதி இருக்கிறதே, அதைப் பற்றி நம் சமூகத்துக்குச் சொந்த அனுபவம் ஏராளம். பினாங்கு வீதியின் செட்டியார் கிட்டங்கிகளில் பெட்டியடிக்கு முன்னால் உட்கார்ந்து தொழில் பழகிய பையன்கள் எத்தனையோ பேர். அடுத்தவர் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் தனியே எழுதும் ஒழுக்கம் அங்கே இருந்தது. கோயிலுக்கான மகமை தனிக் கணக்கு. பேரேடு யார் வந்து புரட்டினாலும் ஒத்துப்போக வேண்டும். பாதுகாவலருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. பொறுப்பில் வந்த பிள்ளையும் அடுத்தவர் பணம் போலத்தான்: கையில் இருக்கும், நமதாக இருக்காது. தமிழ் வியாபாரிக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அதே வீதிகளில் இன்னொரு அனுபவமும் உண்டு. சீன வீடுகளில் ‘மூய் சாய்’ என்ற பெயரில் ஏழைச் சிறுமிகள் காசு கொடுத்து வாங்கப்பட்டு வளர்க்கப்பட்டார்கள். வெளியாருக்கு வளர்ப்பு மகள், அடுப்படியில் சம்பளமில்லா வேலைக்காரி. இதை ஒழிக்கக் காலனி அரசு பல ஆண்டுகள் சட்டம் மேல் சட்டமாகப் போட வேண்டியிருந்தது. நம் வீடுகளையும் கடைகளையும் இதற்கு வெளியே நிறுத்திவிட முடியாது. ‘சோறு போடுகிறேன், துணி எடுத்துத் தருகிறேன், சம்பளம் எதற்கு?’ என்ற பேச்சைக் கேட்காத தமிழ்க் கடை வீதி உண்டா? நமது உதிரிப்பாகக் கடைக்காரர் பையனைக் கடையில் நிறுத்தினால் அதுவே தப்பென்று சொல்வதற்கில்லை. பள்ளிக்கூடக் கதவு ரோஹிஞ்சாப் பிள்ளைகளுக்கு மூடியிருக்கிறது. அரசுப் பள்ளிகளில் அவர்களுக்கு இடமில்லை. கைத்தொழில் கற்பது நல்லது. ஆனால் வேலைக்குக் கூலி எழுதப்படுகிறதா, அது அவன் கைக்குப் போகிறதா, அகதிகள் நடத்தும் சிறு பள்ளிக்காவது போக அவனுக்கு நேரம் விடப்படுகிறதா? இந்த மூன்றுக்கும் ‘ஆம்’ என்று வராவிட்டால் அவர் பாதுகாவலர் இல்லை, முதலாளி. பெயரைச் சரியாகச் சொல்லிவிடுவோம்.

வள்ளுவர் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். அது பெற்றவருக்குச் சொன்ன அறம். கொடுத்தவர் அதைக் கடன்பத்திரமாக நீட்டி வட்டி கேட்கும்போது அந்த அதிகாரம் தலைகீழாகிறது. ‘நான் இல்லாவிட்டால் நீ எங்கே இருந்திருப்பாய்?’ என்ற ஒரு வாக்கியம் போதும், பையன் வாழ்நாள் முழுக்கக் குனிந்தே இருப்பான்.

நல்லெண்ணம் எங்கே தவறிப்போகும் என்பதற்குக் கொரியா ஒரு பாடம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி ஹோல்ட் விவசாயமும் மரத்தொழிலும் செய்து வசதியானவர். 1955இல் கொரியப் போர் விட்டுச்சென்ற பிள்ளைகள் எட்டுப் பேரைத் தத்தெடுத்தார். மனமார்ந்த செயல், அதைச் சந்தேகிக்கக் காரணமில்லை. அவர் திறந்த வழியில் பிறகு பல பத்தாண்டுகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கொரியப் பிள்ளைகள் வெளிநாடு போனார்கள். பெற்றோர் இருந்த பிள்ளைகளும் அனாதைகள் என்று எழுதப்பட்டதையும், ஆவணங்கள் மாற்றப்பட்டதையும் தென்கொரியாவின் உண்மை ஆணையம் 2025 மார்ச்சில் அறிவித்தது. பிள்ளையின் பழைய பெயர், பழைய ஊர், உயிரோடு இருக்கக்கூடிய ஒரு சித்தப்பா, இவற்றைத் தேட யாருக்கும் நேரமில்லாமல் போனது. காப்பாற்றுகிறோம் என்ற அவசரத்தில் அவனுடைய முந்தைய வாழ்க்கை அழிந்தது.

எதிர்ப்பக்கத்தில் ஒருவர் நிற்கிறார். நவாநகர் அரசர் திக்விஜய்சிங்ஜி, ஜாம் சாகிப். அரசராகும் முன் பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் பணியாற்றியவர். சோவியத் நாட்டுக்கு நாடுகடத்தப்பட்டுத் தப்பிவந்த போலந்துப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கானோரை 1942இல் ஜாம்நகருக்கு அருகே பாலாசடியில் ஏற்றுக்கொண்டார். அவர் இந்து, பிள்ளைகள் கத்தோலிக்கர். அவர்களுக்குப் பாதிரியார் இருந்தார், போலிஷ் ஆசிரியர்கள் இருந்தார்கள், போலிஷ் புத்தகங்கள் இருந்தன, அவர்கள் நாட்டுக் கொடியும் பறந்தது. அங்கே வளர்ந்தவர்கள் முதுமையில் சொன்ன ஒரு சின்னச் சம்பவம் இந்த அறவிசாரணைக்கு எந்தத் தத்துவத்தையும்விட உதவுகிறது. பசலைக் கீரை பிடிக்காமல் பிள்ளைகள் சாப்பிட மறுத்தார்களாம். செய்தி எட்டியதும் இனிக் கீரை சமைக்க வேண்டாம் என்று அரசர் சொல்லி அனுப்பினாராம். உலகமே போரில் இருந்த காலத்தில், பிச்சையாக வந்த சோற்றை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அந்தப் பிள்ளைகளுக்கு இருந்தது. போர் முடிந்து, கம்யூனிஸ்ட் ஆட்சிக்குப் போன போலந்துக்கு அவர்களைக் கட்டாயமாகத் திருப்பி அனுப்பும் நெருக்கடி வந்தபோது, சட்டப்படி பொறுப்பேற்று அதைத் தடுத்தார். பிறகு அவர்கள் பிரிந்து போனார்கள், பல நாடுகளுக்கு. அவர் பிடித்து வைக்கவில்லை.

நம் ரோஹிஞ்சாப் பையன் ‘வேண்டாம்’ என்று சொல்லலாமா? சொன்னபிறகும் அவனுக்கு அந்த வீட்டில் இடம் உண்டா? பாதுகாவலரை அளக்க இதைவிடச் சரியான அளவுகோல் இல்லை. தொழுகைக்குப் போகட்டும், ரோஹிஞ்சா மொழி பேசட்டும், கடை வேலை பிடிக்கவில்லை என்று ஒருநாள் சொல்லட்டும், பத்தொன்பது வயதில் கிளம்பியும் போகட்டும். போகும் நாளில் அவன் கூலி அவன் கையில் இருக்கட்டும்.

இதையெல்லாம் பாதுகாவலரின் மனசாட்சிக்கே விட்டுவிட முடியாது. மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, பிள்ளை ஒன்றைத் தன் பொறுப்பில் எடுப்பவர் ஒரு வாரத்துக்குள் சமூகநலத் துறையின் சிறார் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். பிள்ளை முஸ்லிம் என்றால் பாதுகாவல் வழக்கு ஷரியா நீதிமன்ற எல்லைக்குள் வரக்கூடும். அகதிப் பிள்ளை விஷயத்தில் ஓர் அச்சமும் இருக்கிறது, அது பொய் அச்சம் இல்லை: 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா சேரவில்லை, ஆவணமில்லாத பையனை அரசு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனால் தடுப்பு முகாமில் முடியலாம் என்று பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தால்தான் எத்தனையோ பிள்ளைகள் யாருடைய கண்ணுக்கும் தெரியாமல் யாரோ ஒருவர் கடையின் பின்கட்டில் வளர்கிறார்கள். நல்லவர் கையில் விழுந்தால் அதிர்ஷ்டம், இல்லையேல் இல்லை. ஒரு பிள்ளையின் வாழ்க்கையை அதிர்ஷ்டத்துக்கு விடுவது அறமாகாது. எனவே முதலில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிவு, கூடவே ஒரு வழக்கறிஞர், பிறகு அலுவலகம் என்று போங்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் ஜார்ஜ்டவுனிலேயே இருக்கிறது.

பினாங்கில் ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்க நினைப்பவர் யாராயினும், அவன் படுக்கப் பாய் விரிப்பதற்கு முன் இன்னொரு மனிதரைச் சாட்சிக்கு அழையுங்கள்: பள்ளிவாசலிலிருந்தோ, கோயிலிலிருந்தோ, அகதிப் பள்ளியிலிருந்தோ. நீங்கள் இல்லாத நேரத்தில் மாதம் ஒருமுறை அவனோடு தனியாக உட்கார்ந்து பேசும் உரிமையை அவருக்குக் கொடுங்கள்.