விருந்தும் வேதனமும்

விருந்தோம்பலும் வாணிகமும் ஒன்றையொன்று விலக்கும் இயல்பின என்பது பொதுவான எண்ணம். வந்தவரிடம் விலை கேட்பவர் கடைக்காரர் ஆவாரேயன்றி விருந்தோம்புவார் ஆகார். விலை கொடுத்து உண்பவரும் விருந்தினர் ஆகார். இத்துணைத் தெளிவாகத் தோன்றும் எல்லைக்கோடு சிற்சில இடங்களில் மங்கிவிடுவதுண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் கனடாவிலும் பிற மேலை நாடுகளிலும் வழங்கிவரும் இல்ல இசையரங்கு அத்தகையதோர் இடமாகும்.

தாமே பாட்டியற்றித் தாமே கிற்றார் மீட்டிப் பாடும் கலைஞர் ஒருவர் ஊர் ஊராகச் செல்கின்றார். பெரிய மண்டபங்களை நிரப்புமளவுக்கு அவருக்குப் புகழில்லை. மதுச்சாலைகளிலோ குடிப்போரின் இரைச்சலுக்கு மேலாகப் பாடவேண்டியுள்ளது. இந்நிலையில் இசையார்வலர் ஒருவர் தம் வீட்டு முன்னறையை அவருக்குத் திறந்துவிடுகின்றார். தளபாடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அயலவரும் நண்பருமாக இருபது முப்பது பேர் நெருங்கி அமர்கின்றனர். ஒலிபெருக்கி பெரும்பாலும் வேண்டப்படுவதில்லை. மரப்பெட்டியினின்று எழும் தந்தியொலி அவ்வறைக்குப் போதுமானது. வாயிலருகே ஒரு கூடை வைக்கப்பட்டிருக்கும். இவ்வளவு கொடுத்தல் தகும் என்பது முன்னரே அறிவிக்கப்படும். சேரும் பணம் முழுவதும் பாடகருக்கே உரியது என்பது பரவலான மரபு. இரவுணவும் படுக்கையும் வீட்டாருடைய பொறுப்பு. அவ்வாறாயின் அப்பாடகர் விருந்தினரா, வேலை செய்தவரா? கூடையில் வீழ்வது அன்பளிப்பா, கூலியா?

இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. 1820களில் வியன்னா நகரில் பிரான்ஸ் ஷூபேட்டின் பாடல்கள் நண்பர்களின் இல்லங்களிலேயே பெரிதும் கேட்கப்பட்டன. அந்நண்பர்கள் அவரை உளமார நேசித்தனர். தங்க இடமும் அளித்தனர். ஆயினும் அவரது வாழ்வு பொருள்முட்டுப்பாட்டிலேயே பெரும்பாலும் கழிந்தது. தம் படைப்புகளுக்கென்றே அமைந்த பொது அரங்கொன்றை அவர் நடத்தியது 1828 மார்ச் மாதத்திலேயே. அவ்வாண்டு நவம்பரில், முப்பத்தொரு வயதில், அவர் மறைந்தார். அன்பு அறையை நிரப்பிற்று. அடுப்பை எரிக்க அது மட்டும் போதவில்லை. அதே நண்பர்கள் 1821 இல் பணந்திரட்டி ‘ஏர்ல்கோனிக்’ என்னும் அவரது பாடலை அச்சேற்றியமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. கணக்குப் பார்த்தமையால் அவர்தம் நட்புக் குறைந்துவிடவில்லை.

நியூயோர்க்கின் ஹாலெம் பகுதியில் 1920களில் நிகழ்ந்த ‘வாடகை விருந்துகள்’ இதற்கு மறுதலையான காட்சியைத் தருகின்றன. உயர்ந்த வாடகையைச் செலுத்த இயலாத கறுப்பின மக்கள் தம் வீட்டிலேயே இசைவிருந்து வைத்து, வருவோரிடம் சிறுதொகை பெற்றனர். பற்ஸ் வோலர், ஜேம்ஸ் பி. ஜோன்சன் போன்ற பியானோ வல்லுநர்கள் அங்கு வாசித்தனர். இங்கே திரட்டப்பட்ட பணம் வீட்டார் வாடகை கட்டுவதற்கானது. எனினும் இதனை ஏமாற்று என எவரும் கூறார். வாடகைக்காகவே விருந்து என்பது வந்தவர் அனைவரும் அறிந்த உண்மை. ஆகவே, பணம் வீட்டினுள் நுழைவதால் மட்டும் விருந்து கெடுவதில்லை. எதற்கெனக் கூறிப் பெறப்பட்டதோ அதற்கன்றி வேறொன்றுக்குப் பயன்படும்போதும், கொடுக்கவேண்டியதைக் கொடாமல் அன்பின் பெயரால் மறைக்கும்போதுமே அது கெடுகின்றது.

ஜேர்மன் மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற் 1785 இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில் விலைக்கும் மாண்புக்கும் இடையே ஒரு வேறுபாட்டை நிறுவினார். தனக்கு ஈடாக மற்றொன்றை வைக்கக்கூடிய பொருளுக்கு விலையுண்டு. ஈடு வைக்கவியலாதது மாண்புடையது. தொழில் திறனும் உழைப்பில் ஊக்கமும் சந்தை விலை உடையன என்றே அவர் கொண்டார். மனிதத்துவம் மட்டும், அஃது ஒழுக்கத்துக்கு ஆற்றலுடையதாயிருக்கும் அளவில், விலைக்கு அப்பாற்பட்டது. இவ்வேறுபாட்டைக் கொண்டு நோக்கின் இல்ல இசையரங்கில் நேரக்கூடிய தவறுகள் இரண்டெனல் புலனாகும். “இசைக்கு விலையேது” எனப் புகழ்ந்துவிட்டு, பாடகரின் உழைப்புக்குரியதைக் கொடாது விடுதல் ஒன்று. கொடுத்த பணத்துக்கு ஈடாக அவரது நேரத்தையும் முகமலர்ச்சியையும் நள்ளிரவுவரை எதிர்பார்த்தல் மற்றொன்று. முன்னது திறனை மாண்பெனப் பிறழக் கொள்கின்றது. பின்னது மாண்பை விலைப்பொருளாக்குகின்றது.

கணக்குப் பார்க்குமிடத்தில் வள்ளன்மை வாழாது என்று சிலர் கூறக்கூடும். பாணரைப் புரந்த பழந்தமிழ் வள்ளல்களையும் அவர் சான்றாகக் காட்டுவர். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறிய கலைஞனை வழியிற் கண்டு வள்ளலிடம் ஆற்றுப்படுத்தும் மரபு பத்துப்பாட்டில் விரிவாக அமைந்துள்ளது. இன்றும் இசைப்பயணம் செல்லும் பாடகர்கள் நல்ல வீடுகளை ஒருவருக்கொருவர் சொல்லியே வழிகாட்டுகின்றனர். ஆயினும் வேறுபாடு பெரிது. பேராசிரியர் க. கைலாசபதி 1968 இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வு நூல், பாணரைப் பண்டைக் கிரேக்கப் பாடுநரோடு ஒப்புநோக்கியது. புரவலனின் புகழும் பாடுநனின் வாழ்வும் பிணைந்திருந்தமை அத்தகைய ஆய்வுகளால் தெளிவாகும். ஒருவரே கொடுக்குமிடத்தில் அவரைப் புகழ்ந்தே பாடவேண்டிய நிலை நேர்கின்றது. முப்பது பேர் சிறிது சிறிதாகக் கொடுக்குமிடத்தில் பாடகர் எவரையும் புகழவேண்டியதில்லை. கூடையின் சிறப்பு இதுவே.

எனினும் வீட்டாரின் அதிகாரம் அத்துடன் முற்றாக நீங்கிவிடுவதில்லை. முன்பின் அறியாத ஊரில் பாடகரின் படுக்கை அவர் கையில்; மறுநாள் காலை பேருந்து நிலையத்துக்குச் செல்லும் வாகனமும் பெரும்பாலும் அவருடையதே. தமக்கு உடன்பாடில்லாத கருத்துடைய பாட்டொன்று அன்றிரவு பாடப்படின் அவர் எவ்வாறு நடந்துகொள்கின்றார் என்பதே விருந்தின் உரைகல்லாகும். காலையுணவு அதே அன்புடன் பரிமாறப்படுமாயின் அது விருந்து. முகம் வாடுமாயின், முந்திய இரவின் சோறும் கூலிக் கணக்கிலேயே வைக்கப்பட்டிருந்தது என்பது வெளிப்படும்.

ஆகவே நல்ல விருந்தோம்புவார் இரண்டு கணக்குகளையும் கலவாது காப்பார். ஊதியம் பற்றி முன்னரே கூச்சமின்றிப் பேசுவார். கொடுக்க இயலாத அயலவரையும் அமரச்செய்வார். கூடையில் யார் எவ்வளவு இட்டார் என நோக்கார். அரங்கு முடிந்ததும் அறையைக் காட்டி, கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையைப் பாடகருக்கு விடுவார். உணவுக்கும் படுக்கைக்கும் கணக்கெழுதார்.

இது மேலை நாட்டு வீடுகளுக்கு மட்டும் உரிய பாடமன்று. கலைஞரை அழைத்துப் பொன்னாடை போர்த்திப் புகழுரை பல கூறி, அவர் ஊர்திரும்பும் பயணச் செலவைக் கேட்க மறந்துவிடும் விழாக்கள் நம்மிடையேயும் உண்டு. அவ்விழாக்களில் குறைவது அன்பன்று. புகழ்ந்தவர் அனைவரும் கலைந்த பின்னர், இசைக்கருவியைத் தோளிற் சுமந்து பேருந்துக்குக் காத்துநிற்கும் மனிதரும் அன்றைய விருந்தினரே என்ற நினைவே குறைகின்றது.