பெண்கள் பள்ளியின் மதில் எதற்கு?

பொங்கல் வருவதற்கு முன்பே சென்னையில் எல்.கே.ஜி. அட்மிஷன் பேச்சு தொடங்கிவிடுகிறது. பெண் குழந்தை உள்ள வீடுகளில் அந்தப் பேச்சு எங்கெங்கோ சுற்றி ஓர் இடத்தில் வந்து நிற்கும்: "பேசாம கேர்ள்ஸ் ஸ்கூல்லயே போட்டுடலாமே." சொல்பவர் பாட்டியாக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம். பல வீடுகளில் அப்பாவே சொல்வார். ஏன் என்று கேட்டால், "சேஃப்டிதான், வேற என்ன?" என்பார்.

அந்தக் கவலையை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அதன் கணக்கைச் சரிபார்க்கலாம். 2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த சேலையூர் பக்கம், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் தமிழ்நாட்டில் வந்தன. 2021-இல் சென்னையின் பெயர்பெற்ற தனியார் பள்ளிகள் சிலவற்றில் படித்து முடித்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வாய் திறந்தார்கள். அவர்கள் குற்றம் சாட்டியது பெரும்பாலும் பாடம் நடத்தியவர்களையும் பயிற்சி கொடுத்தவர்களையும்தான். இரண்டிலும் ஆபத்து பக்கத்து பெஞ்சுப் பையனிடமிருந்து வரவில்லை. பையன்கள் இல்லாத பள்ளி என்றதும் பெற்றோருக்கு வரும் நிம்மதியில், வேனின் தரையும் ஆசிரியர்களின் நடத்தையும் கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகின்றன.

பாதுகாப்புதான் முதல் கேள்வி என்றால், அதைத் தலைமையாசிரியரிடம் நேராகக் கேட்கலாம். ஒரு மாணவி புகார் சொன்னால் இங்கே யாரிடம் சொல்லுவாள், அடுத்து என்ன நடக்கும்? போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால், நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இதைத் தெரிந்துவைத்திருக்கும் தலைமையாசிரியர் தயங்காமல் பதில் சொல்லுவார். "எங்க ஸ்கூல்ல அப்படியெல்லாம் நடக்கவே நடக்காது" என்று மட்டும் பதில் வந்தால், மதில் எவ்வளவு உயரமாக இருந்தாலும் யோசிக்கத்தான் வேண்டும்.

மதில் எழுந்த கதை பலரும் நினைப்பதற்கு நேர்மாறானது. இங்கிலாந்தில் 1860-களில் பள்ளிகளை ஆராய்ந்த டான்டன் ஆணையம், பெண் பிள்ளைகளின் படிப்பு மேலோட்டமாக இருக்கிறது, இசைக்கும் அலங்காரக் கலைகளுக்குமே நேரம் போய்விடுகிறது என்று கண்டது. 1868-இல் அந்த அறிக்கை வெளியானது. 1872-இல் மரியா கிரே, அவருடைய சகோதரி எமிலி ஷெரிஃப் உள்ளிட்ட நான்கு பெண்கள் சேர்ந்து, பங்குகள் விற்றுப் பணம் திரட்டி, பெண்களுக்கான பகல்நேரப் பள்ளிகளை நடத்த ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே லண்டனின் செல்சி பகுதியில் முதல் பள்ளி திறந்தது. விடுதி கிடையாது. காலையில் வந்து மாலையில் வீடு திரும்ப வேண்டும். அதனால் செலவு குறைந்தது; நடுத்தரக் குடும்பங்களும் பெண்ணைச் சேர்க்க முடிந்தது. அண்ணன் படித்த கணக்கையும் லத்தீனையும் தங்கையும் படிக்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காகக் கட்டிய பள்ளி அது. அந்த அமைப்பு இன்றும் இருபதுக்கு மேற்பட்ட பள்ளிகளை நடத்துகிறது.

நம் பக்கத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. 1886-ஆம் ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலுமாக, சில வார இடைவெளியில் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். ஒருவர் சுப்புலட்சுமி. சிறுமியாக இருக்கும்போதே மணமாகிக் கணவரையும் இழந்தவர். கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளியில் படித்து, பிறகு மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1911-இல் பட்டம் பெற்றார். கடற்கரையோரத்து ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்த சகோதரி சுப்புலட்சுமி இவர்தான். சாரதா வித்யாலயா பெண்கள் பள்ளியும் இவர் உருவாக்கியது. இன்னொருவர் முத்துலட்சுமி. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில், மாணவர்கள் மட்டுமே படித்துவந்த இடத்தில், முதல் மாணவியாகப் போய் உட்கார்ந்தவர். எதிர்ப்பு இருந்தது, மன்னர் அனுமதித்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் டாக்டரானார். 1927-இல் சென்னை சட்ட மேலவையின் துணைத் தலைவரானார்.

ஒருவர் மதிலுக்குள் வளர்ந்தவர், ஒருவர் மதிலே இல்லாத இடத்தில் தனியாக உட்கார்ந்தவர். இருவருக்கும் பொதுவாக இருந்தது வீடு. பெண்ணுக்கு இனிப் படிப்பு எதற்கு என்று ஊர் கேட்ட காலத்தில், இருவருடைய தந்தையரும் வீட்டிலேயே உட்கார்ந்து மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பகல்நேரப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளை தினமும் மாலையில் திரும்பி வந்துவிடுகிறாள். பள்ளியில் துணிச்சலாகக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டவளை வீட்டில் "எதிர்த்துப் பேசாதே" என்று அடக்கினால், கட்டிய ஃபீஸில் பாதி அங்கேயே வீண்.

சரி, பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளியில் பெண்கள் நன்றாகப் படிக்கிறார்களா? இதற்கு ஆராய்ச்சிகள் ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. 2014-இல் ஒரு குழு, 21 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களைப் பற்றிய 184 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. குடும்ப வசதி, நுழைவு மதிப்பெண் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட தரமான ஆய்வுகளில், ஆணும் பெண்ணும் தனித்தனியே படிக்கும் தனிப் பள்ளியால் வரும் லாபம் ஏறத்தாழ ஒன்றுமில்லை என்பதே அதன் முடிவு. ஆனால் தென்கொரியத் தலைநகர் சோலில் வேறு கதை. அங்கே பல ஆண்டுகளாக உயர்நிலைப் பள்ளி இடங்கள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டுவந்தன. அதனால் 'நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் ஒரே பள்ளிக்குப் போய்விட்டார்கள்' என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. 2013-இல் வெளியான ஆய்வு, அப்படித் தனிப் பள்ளிக்குப் போன பெண்களின் நுழைவுத் தேர்வு மதிப்பெண் கூடியதையும், நான்காண்டுக் கல்லூரிப் படிப்புக்குப் போனவர்கள் அதிகரித்ததையும் காட்டியது.

இங்கிலாந்தின் இயற்பியல் கழகம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை இன்னும் கூர்மையானது. அரசுச் செலவில் நடக்கும் இருபாலர் பள்ளிகளில் ஏறக்குறைய பாதி, முந்தைய ஆண்டில் ஒரு மாணவியைக்கூட பள்ளி இறுதி நிலையான ஏ-லெவலில் இயற்பியலுக்கு அனுப்பவில்லை. பெண்கள் பள்ளியிலிருந்து வந்த மாணவி இயற்பியலைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. இதைப் படித்துவிட்டு உடனே பெண்கள் பள்ளிக்கு ஓடத் தோன்றும். கொஞ்சம் நிற்க வேண்டும். கரீபியன் தீவு நாடான டிரினிடாட் - டொபாகோவில் கிராபோ ஜாக்சன் என்ற பொருளாதார அறிஞர் செய்த ஆய்வில், பெண்கள் பள்ளி மாணவிகள் அறிவியல் பாடங்களைக் குறைவாகவே எடுத்தார்கள்.

அதே மதில், ஓர் இடத்தில் இயற்பியல் கூடுகிறது, இன்னோர் இடத்தில் அறிவியல் குறைகிறது. அப்படியானால் விஷயம் மதிலில் இல்லை. உள்ளே பெண்ணிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை. பதினொன்றாம் வகுப்பில் என்னென்ன குரூப் இருக்கிறது, கணிதம் - கம்ப்யூட்டர் குரூப்பில் எத்தனை பேர், பிசிக்ஸ் ஆசிரியர் நிரந்தரமா, லேபில் மாணவிகளே கையால் செய்கிறார்களா அல்லது ஆசிரியர் செய்வதைச் சுற்றி நின்று பார்க்கிறார்களா என்று கேட்டால் போதும். பிறகு மைதானம். பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியட் கணக்கு டீச்சருக்குப் போய்விடுமா? அப்படிப் போகிற பள்ளிகள் ஏராளம். பெண் பிள்ளைகள் ஓடாமல் இருப்பது யாருக்கும் உறுத்தாத ஊரில், பெண்கள் பள்ளியாவது அவர்களை ஓடவிட வேண்டாமா?

விதிமுறைகள் அச்சிட்ட டைரியையும் வாங்கிப் புரட்டிப் பார்க்கலாம். ரெட்டை ஜடை, ரிப்பன் நிறம், துப்பட்டாவை எப்படிப் பின் செய்வது, கொலுசு சத்தம் கேட்கக் கூடாது என்று பக்கம் பக்கமாக இருந்து, நூலகத்தைப் பற்றி இரண்டே வரி இருந்தால், அந்தப் பள்ளி பெண்ணின் உடம்பைக் காவல் காக்கவே தன்னை நியமித்துக்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

நல்ல பெண்கள் பள்ளி ஒன்றின் அருமை வேறு வகையானது. அசெம்பிளியில் பேசுபவள் பெண். எஸ்.பி.எல். பெண். ஆண்டு விழா மேடைக்கு மைக் இழுத்துக் கட்டுபவள், நாற்காலி தூக்குபவள், விளையாட்டு விழாவில் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுபவள், அறிவியல் கண்காட்சியில் மோட்டார் ஓடாதபோது ஸ்குரூ டிரைவரோடு மல்லுக்கட்டுபவள் எல்லோரும் பெண்களே. 'இதைப் பையன்கள் பார்த்துப்பாங்க' என்று நகர்ந்துகொள்ள அங்கே வழியில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பல பெண்களின் குரல் திடீரென்று தணிந்துபோகிறது. அந்த வயதில் இப்படி ஓர் இடம் கிடைப்பது உண்மையிலேயே பெரிய கொடை. பெண்கள் பள்ளியைத் தேர்ந்தெடுக்க நேர்மையான காரணம் இதுவாகத்தான் இருக்க முடியும்.

பணம் பற்றியும் பேசாமல் முடியாது. தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளின் கட்டணத்தை முடிவு செய்ய 2009-இல் சட்டம் வந்தது; ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. பள்ளி கேட்கும் தொகையும் குழு நிர்ணயித்த தொகையும் ஒன்றுதானா என்று பார்ப்பது பெற்றோரின் உரிமை. அதற்கு வெளியே யோசிக்க இன்னொன்று உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவினருக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் 2014-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அது பொருந்தாது. நகரங்களில் பெயர்பெற்ற பெண்கள் பள்ளிகள் பல அந்த வகையைச் சேர்ந்தவை. ஆக, மகளுக்குப் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பதும் இந்தத் தேர்வில் அடங்கியிருக்கிறது. பையன்கள் இல்லாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பெற்றோர், ஏழை வீட்டுப் பெண்கள் இல்லாததைக் கேட்பதில்லை.

அதே பள்ளி வளாகங்கள் சிலவற்றில் அரசு உதவிபெறும் தமிழ்வழிப் பிரிவும், ஆங்கிலவழிச் சுயநிதிப் பிரிவும் அடுத்தடுத்து நடக்கின்றன. உதவிபெறும் பிரிவில் கட்டணம் மிகச் சொற்பம். ஆசிரியர்கள் அரசு விதிப்படி தகுதி பெற்றவர்கள், சம்பளம் அரசுடையது. ஆனாலும் நடுத்தர வர்க்கத்துப் பெற்றோர் அந்த வாசல் பக்கம் திரும்புவதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. பிறகு அது உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆங்கிலவழிச் சுயநிதிப் பிரிவில் சேர்ப்பவர்கள் விட்டுக்கொடுப்பது எது என்று ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும். கூட்டிப் பார்த்த பிறகும் அதுவே சரி என்று பட்டால் சேர்க்கட்டும், தவறில்லை.

டிரினிடாட் ஆய்வில் இன்னொரு முடிவு உண்டு. தனிப் பள்ளியில் எல்லாருக்கும் லாபம் கிடைக்கவில்லை. அந்த வகைப் பள்ளிதான் வேண்டும் என்று உறுதியாக விரும்பிக் கேட்டவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கே, மதிப்பெண் கூடியது. அங்கே அந்தத் தேர்வு நடப்பது பதினொரு வயதை ஒட்டி. நம் ஊர்க் கணக்கில் ஆறாம் வகுப்பு. மூன்றரை வயதுக் குழந்தையிடம் கேர்ள்ஸ் ஸ்கூலா, கோ-எட் பள்ளியா என்று கேட்க முடியாது. அந்த வயதில் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதும், டீச்சர் அன்பாக இருப்பதும் போதும். நிறைய நர்சரி பள்ளிகள் ஐந்தாம் வகுப்போடு முடிந்தும் விடுகின்றன. கேள்வி உண்மையில் எழுவது அப்போதுதான், அப்போது அவளுக்கு வாயும் கருத்தும் இருக்கும்.

அவள் சொல்லும் காரணங்கள் பெரியவர்களுக்கு அற்பமாகப் படலாம். அங்கே கூடைப்பந்து உண்டு என்பாள், தோழி அங்கேதான் போகிறாள் என்பாள், "அந்த ஸ்கூல்ல பாத்ரூம் நல்லா இருக்கும்மா" என்பாள். மாதவிடாய் தொடங்கப்போகும் வயதில் மூன்றாவதாகச் சொன்னது எவ்வளவு பெரிய காரணம் என்பது அம்மாக்களுக்குத் தெரியும். அவளோடு வாதாடலாம், கட்டணம் எவ்வளவு என்பதையும் மறைக்காமல் சொல்லலாம், முடியாது என்றால் ஏன் முடியாது என்று விளக்கலாம். ஆறாம் வகுப்பில் காலியாகும் இடங்கள் குறைவு என்பதால் ஐந்தாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வு வரும்போதே விசாரிக்கத் தொடங்குவது நல்லது. ஆண்டு விழா நாளில் போகாமல், வகுப்பு நடக்கும் ஒரு சாதாரண நாளில், சாப்பாட்டு இடைவேளையைப் பார்த்து, அவளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். உள்ளே படிக்கும் அக்காக்களிடம் அவளே பேசட்டும். அப்பாவும் அம்மாவும் அதுவரை ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து ஃபீஸ் விவரம் கேட்டுக்கொண்டிருக்கலாம்.