ஆடலும் சித்திரமும்

தோன்றிய கணத்திலேயே மறையும் இயல்புடைய நடனத்தை அசையாத சித்திரத்தில் நிலைநிறுத்த இயலுமா என்பது, அநித்தியத்தைப் பற்றிய பழைய தத்துவ விசாரத்தையே வேறொரு வடிவில் எழுப்பும் வினாவாகும். எடுத்துக்காட்டாக, 1926இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் திறக்கப்பெற்று, கறுப்பரையும் வெள்ளையரையும் நிறபேதமின்றி ஒரே தளத்தில் ஆடவைத்த சவாய் நடனமன்றம் 1958இல் மூடப்பட்டது. அங்கே லிண்டி ஹாப் என்னும் நடனத்தை ஆடிப் புகழ்பெற்ற நார்மா மில்லரும் 2019இல் காலமானார். ஆயினும், அவரது இளமைக் கதையை ஆலன் கோவனார் எழுத, மார்ட்டின் பிரெஞ்ச் சித்திரம் தீட்டி 2006இல் வெளிவந்த சிறுவர் நூலைக் காணும் குழந்தை, ஏட்டில் இல்லாத அசைவைத் தன் கற்பனையாலேயே பூர்த்தி செய்துகொள்கிறது. ஆகவே, சித்திரம் காப்பது கழிந்துபோன கணத்தையன்று, அக்கணத்தை ஈன்ற ஆனந்தத்தையும் சமத்துவ உணர்வையுமே. அவை தேகத்தின் வழியாக வெளிப்படினும், தேகத்தோடு அழிவன அல்ல என்பதே என் துணிபு.