பார்சல் பையில் ஒரு சாமி

ஒரே கல்லில் செதுக்கிய 32 அடி ஆஞ்சநேயர் நிற்கிற ஊர் நங்கநல்லூர். கோயில் பிரசாதம் என்றால் அங்கேயும் தொன்னைதான் நினைவுக்கு வரும். காய்ந்த இலையை மடித்து ஈர்க்குச்சி குத்திய அந்தச் சின்னக் கிண்ணத்தில் எழுத்து கிடையாது, படம் கிடையாது, கோயிலின் பெயர்கூடக் கிடையாது. பொங்கலைத் தின்றுவிட்டு, விரலை நக்கிவிட்டு, கூடையில் போட்டுவிட்டுப் போகலாம். மனசில் உறுத்தல் இருக்காது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பொடி இட்லி பார்சல் வாங்கினால், சில சமயம் பையோடு சாமியும் வந்துவிடுகிறார். சஞ்சீவி மலையைத் தூக்கிய அனுமாரோ, மூஞ்சூறோடு பிள்ளையாரோ, கீழே ஃபோன் நம்பர். இட்லி தீர்ந்த பிறகு சாம்பார் கறை படிந்த அந்தப் பையை என்ன செய்வது? வியாபாரம் பெருக, தூக்கியெறியப் போகிற பொருளின் மேல் தெய்வத்தின் உருவத்தை அச்சிடலாமா? கூடாது என்பது என் கட்சி. பக்தர் மனம் புண்படும் என்பதற்காகச் சொல்லவில்லை. மனம் எதற்கும் புண்படும், அதை அளவுகோலாக வைத்தால் ஒரு நாள்கூடக் கடை நடத்த முடியாது. ஒரு பொருள் எப்படி முடிகிறது என்பதையும் அதன் மரியாதையில் சேர்த்தே எண்ணுவது நம் வழிபாட்டு முறை. அந்தக் கணக்கை இந்தப் பை பாதியில் விட்டுவிடுகிறது என்பதுதான் என் வாதம்.

முதலில் வியாபாரியின் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும், அது லேசானதல்ல. வீட்டுச் சமையலறையில் ஆரம்பித்த கேட்டரிங்குக்குப் போர்டு இல்லை, கல்லா இல்லை, உட்காரப் பெஞ்சு இல்லை. ஆர்டர் ஸ்விக்கியிலோ சொமேட்டோவிலோ விழுகிறது; கொண்டு போய்க் கொடுக்கிற பையன் போட்டிருப்பதும் அவர்கள் சட்டைதான். சமைத்தவர் முகத்தைச் சாப்பிடுகிறவர் கடைசி வரை பார்ப்பதில்லை. ஆகவே அந்தப் பைதான் கடை. அதில் பெயர் போடாதே என்று சொல்வது கடையை மூடு என்று சொல்வதற்குச் சமம். பெயர் சரி, சாமி எதற்கு என்று கேட்டால், அதற்கும் கணக்கு இருக்கிறது. தெருவுக்குத் தெரு கோயில் இருப்பதால் சின்னக் காஞ்சிபுரம் என்றே அழைக்கப்படும் ஊரில், ஒரு சாமி படம் நாலு வரி விளம்பரத்தின் வேலையைச் செய்துவிடும். சுத்த சைவம், ஆசாரமான கை, ஏமாற்ற மாட்டோம் என்று எதையுமே எழுதாமல் அத்தனையையும் சொல்லிவிடும். எழுதியிருந்தால் நிரூபிக்கச் சொல்லலாம். படத்தை யார் நிரூபிக்கச் சொல்வது?

இனி நம் வழக்கங்களைப் பார்ப்போம். சதுர்த்திக்கு வாங்கிய களிமண் பிள்ளையாரை வேலை முடிந்தது என்று யாரும் மூலையில் வைத்துவிடுவதில்லை. புனர்பூஜை செய்து, தண்ணீரில் கரைத்து விசர்ஜனம் செய்த பிறகே அந்தப் பண்டிகை முடிகிறது. கொலுவில் விஜயதசமி இரவு ஒரு பொம்மையையாவது படுக்கவைத்துவிட்டுத்தான் மறுநாள் படியைக் கலைப்பார்கள். சாமிக்குச் சாத்திக் களைந்த பூவுக்கு நிர்மால்யம் என்று தனிப் பெயர் உண்டு, அது கால் படாத இடத்துக்குப் போக வேண்டும் என்ற கட்டும் உண்டு. சாஸ்திரம் ஒன்றும் சொல்லாத இடத்திலும் ஜனங்கள் தாங்களாகவே வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். சென்னையில் எந்த அரச மரத்தடியிலும் பாருங்கள்: கண்ணாடி உடைந்த முருகன் படம், வெளுத்துப்போன லட்சுமி, சட்டம் கழன்ற வெங்கடாசலபதி. வீட்டில் வைக்கவும் முடியாமல், குப்பையில் போடவும் கை வராமல் கொண்டுவந்து சாய்த்துவிட்டுப் போனவை அவை. சாமி படம் போட்ட பழைய கல்யாணப் பத்திரிகைகள் பரணில் கட்டுக்கட்டாகச் சேர்வதும் இதனால்தான், பாசத்தினால் அல்ல. வியாபாரப் பையில் சாமியே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. மஞ்சப்பையில் பிள்ளையாரும் இருப்பார், மணமக்கள் பெயரும் இருக்கும், சில சமயம் ஜவுளிக்கடை பெயரும் இருக்கும். அந்தப் பை ஆணியில் தொங்கும், காய்கறி சுமக்கும், துவைத்துக் காயும், பத்து வருஷம் இருக்கும். பார்சல் பையின் ஆயுள் அரை மணி நேரம். படம் ஒன்றாக இருந்தாலும், அது குடியிருக்கிற இடம் ஒன்றல்ல.

இதற்குக் கெட்டிக்காரத்தனமான மறுப்பு ஒன்று உண்டு. ஆவாகனம் செய்யாத உருவம் வெறும் உருவம்; சிற்பியின் பட்டறையில் கிடக்கிற சிலையை யாரும் கும்பிடுவதில்லை; பையில் இருப்பது வெறும் மை, மையைக் கிழித்தால் பாவமா? ஆகமப்படி இது சரிதான். ஆனால் சென்னைத் தெருச் சுவர்களைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சிறுநீர் கழிக்காதீர் என்று எழுதி, அபராதம் என்று மிரட்டிப் பலிக்காமல், கடைசியில் வீட்டுக்காரர்கள் வரிசையாகச் சாமி டைல்ஸ் பதிக்கிறார்கள். அந்த டைல்ஸுக்கு எந்தக் குருக்களும் கும்பாபிஷேகம் செய்யவில்லை. இருந்தும் வந்தவன் தள்ளிப் போகிறான். மந்திரம் ஏற்றாத வெறும் படத்துக்கும் பார்க்கிறவன் கையைக் கட்டுகிற பலம் உண்டு என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? பையில் படம் போடுகிற வியாபாரியும் நம்பியிருப்பது இதே பலத்தைத்தான். வெறும் மை என்றால் அது இட்லி விற்காது. இட்லி விற்கிறது என்றால் அது வெறும் மை இல்லை. விற்கும்போது சாமி, எறியும்போது காகிதம் என்று இரண்டு பக்கமும் அவர் பேச முடியாது.

பெயரைப் பற்றிய மறுப்பு இதைவிட ஆழமானது. பாகவதத்தில் வரும் அஜாமிளன், சாகும் தறுவாயில் தன் பிள்ளையை நாராயணா என்று கூப்பிட்டே கடைத்தேறினான். தெரியாமல் சொன்னாலும் நாமம் வேலை செய்யும் என்றுதான் குழந்தைக்கும் தெருவுக்கும் கடைக்கும் சாமி பெயர் வைத்தார்கள்; பையில் இருந்தால் இன்னும் நாலு பேர் படிப்பார்களே? படிக்கட்டும். ஆனால் அஜாமிளனைக் காப்பாற்றியது அவன் கூப்பிட்ட கூப்பாடு. வாயால் சொன்ன பெயர் காற்றோடு போய்விடும், அதைக் கூட்டி அள்ள வேண்டியதில்லை. அச்சிட்ட பெயருக்கு உடம்பு இருக்கிறது, அந்த உடம்பு எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். இறைவன் தூணிலும் இருக்கிறான் துரும்பிலும் இருக்கிறான், குப்பைத்தொட்டியில் மட்டும் இல்லையா என்றும் கேட்பார்கள். லட்சுமி நரசிம்மருக்குக் கோயில் உள்ள ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். துரும்பிலேயே இருக்கிறவன் வெறும் வாழையிலையிலும் இருப்பானே, அப்புறம் நாலு கலரில் அச்சடிப்பது எதற்கு? தூணிலும் துரும்பிலும் என்று பிரகலாதன் சொன்னது எதையும் விற்பதற்காக அல்ல என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

சட்டத்தில் விடை தேடினால் பாதிதான் கிடைக்கும். 1999-ஆம் வருஷத்து வணிகச் சின்னச் சட்டம், மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய சின்னங்களைப் பதிவு செய்ய மறுக்கிறது. ஊதுபத்திக்கு ராமாயணம் என்ற பெயரைத் தனியுரிமையாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜனவரியில், அயோத்தி ராமர் கோயில் பிரசாதம் என்ற பெயரில் இனிப்புகள் விற்பனைக்கு இருந்ததற்காக அமேசானுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. திருப்பதி லட்டுக்கும் (2009) பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் (2019) கிடைத்த புவிசார் குறியீடோ ஊரையும் செய்முறையையும் காக்கிறது. யாருக்குச் சொந்தம், யார் ஏமாந்தார் என்பதுதான் சட்டத்தின் கவலை. தின்று முடித்த பிறகு டப்பா எங்கே போகிறது என்று அது கேட்பதில்லை.

எங்கே போகிறது? தென்சென்னைக் குப்பை பெரும்பாலும் போய்ச் சேர்வது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் கிடங்குக்கு. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்கும், உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளுக்கும் தமிழ்நாட்டில் தடை வந்ததிலிருந்து பல கடைகள் காகிதப் பைக்கு மாறிவிட்டன. காகிதம் மட்கிவிடும், மட்குவதும் ஒருவகை விசர்ஜனம்தானே என்று ஒருவர் சமாதானம் சொல்லலாம். மட்குவது காகிதத்துக்கு நேர்கிற ஒன்று. விசர்ஜனம் மனிதன் தெரிந்து செய்கிற ஒன்று. அதுவும் இல்லாமல், பை மட்குவதற்கு முன்னால் ஒரு கை அதைத் தொட்டாக வேண்டும். விடிகாலையில் தெருமுனைத் தொட்டியைக் கவிழ்த்து, ஊசிப்போன சட்னியோடு ஒட்டிக்கிடக்கிற அனுமாரைப் பிரித்தெடுக்கிறவர் மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர். அவர் படத்தைக் கேட்கவும் இல்லை, இட்லியைத் தின்னவும் இல்லை. விற்றவர் பக்தியைக் காசாக்கிக்கொண்டார், வாங்கியவர் எறிந்து கையைக் கழுவிக்கொண்டார். அபசாரம் என்று ஒன்று இருந்தால், அது இந்தச் சங்கிலியில் கடைசியாக நிற்கிறவர் கையில் திணிக்கப்படுகிறது. மரத்தடியில் உடைந்த படத்தைச் சாய்த்துவிட்டுப் போகிறவரிடம் இருக்கிற தயக்கம்கூட அவருக்குக் கிடையாது. தயங்கினால் லாரி போய்விடும். எறிகிறவரைவிட அச்சிடுகிறவரிடமே நான் அதிகம் கேட்பது இதனால்தான். எறிவதைத் தவிர வேறு வழியில்லாத ஒரு பொருளைச் செய்து கொடுத்தவர் அவர்.

சரி, கோடு எங்கே போடுவது? இங்கே என் வாதம் கொஞ்சம் தடுமாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1981-இல் கே.கே. நகரில் தொடங்கிய சரவண பவனின் பெயரிலேயே முருகன் இருக்கிறார். பெயரை எடுத்துவிட்டுப் பை அச்சிடு என்று யாரும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. பல காலம் புழங்கிய கடைப்பெயர் பாதி சாமியாகவும் பாதி விலாசமாகவும் ஆகிவிடுகிறது. காதில் விழும்போது வேலோ மயிலோ நினைவுக்கு வராமல் சாம்பார் நினைவுக்கு வரும். படத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அனுமார் படம் எத்தனை லட்சம் பையில் அடித்தாலும் அனுமாராகவே இருக்கும், அதனால்தானே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே பெயர் இருக்கட்டும், தெருவும் ஃபோன் நம்பரும் 14 இலக்க உணவு உரிம எண்ணும் இருக்கட்டும். ஆசை தீரவில்லை என்றால் ஒரு வாழைப்பூவோ கல்சட்டியோ வரைந்துகொள்ளட்டும். ஆனால் பைக்குள் கிடக்கிற பில்லை எடுத்துப் பார்த்தால் உச்சியில் பிள்ளையார் சுழி. அதற்கு என்ன சொல்வது? அது கணக்கு எழுதுகிறவர் தனக்காகப் போட்டுக்கொள்வது, வாங்குகிறவரை இழுக்கப் போட்டதல்ல என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். சமாதானம் முழுசாக ஒட்டவில்லை. பில்லைக் கசக்கும்போது கட்டைவிரல் அந்தச் சுழியைத் தொடாமல் ஒதுங்கத்தான் செய்கிறது.