மலைவாணர் வினாவும் சார்ந்ததன் வண்ணமும்

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் என்பது சித்தாந்த சாத்திரம் பயில்வார்க்குத் தொடக்கத்திலேயே கைவரும் உண்மை. படிகம் செம்பூவை அடுத்தபோது சிவந்தும் நீலத்தை அடுத்தபோது நீலமாயும் தோன்றுமாறுபோல, உயிர் தான் சார்ந்ததன் தன்மையைத் தன் தன்மையாகக் கொண்டு நிற்கும். இதனை மலம் சார்ந்து மலமாதற்கும், சிவம் சார்ந்து சிவமாதற்கும் உவமையாகக் கூறி அமைந்துவிடுகின்றோம். பிறந்த ஊர், குலம், உண்ணும் சோறு, கற்ற ஏடு என்னும் இவற்றைச் சார்ந்து நம் அறிவும் ஒரு நிறம் ஏறி நிற்கின்றது. அந்நிறத்தினூடேதான் பிறர் ஒழுகலாற்றைக் காண்கின்றோம். இதனை எண்ணுவார் அரியர். யாமும் அறுபது ஆண்டு கடந்த பின்னரே, அதுவும் ஏட்டினால் அன்றி, ஒரு மலைவாணர் வாய்மொழியால் உணர்ந்தோம்.

கள்ளக்குறிச்சிக்கு மேல்பால் நீண்டு கிடப்பது கல்வராயன் மலை. அதன்கண் வாழ்வோர் மலையாளிகள் எனப்படுவர். கேரள நாட்டாரோடு இவர்க்குத் தொடர்பு இல்லை. மலையை ஆள்வோர் என்பதே பெயர்ப்பொருள். தமிழ்நாட்டுப் பழங்குடியினருள் மிக்க தொகையினர் இவரே. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மூன்றரை இலக்கத்துக்கு மேற்பட்டனர். கல்வராயன் மலையில் இருந்தோர் 1976 வரை சாகீர்தாரர் ஆட்சியில் இருந்தனர். தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்தோர் என்பது இவர்தம் கொள்கை. கரிராமன் என்னும் தெய்வம் காஞ்சியில் இருக்கப் பிடியாமல் மலைக்குப் புறப்பட, அண்ணன் தம்பியர் மூவர் பின்தொடர்ந்து வந்து வெவ்வேறு மலைகளிற் குடியேறினர் என்பர். எவர் எம்மலைக்குச் சென்றார் என்பது மலைக்கு மலை வேறுபடும். கதை எதுவாயினும், நாம் அயலார் என எண்ணும் இவர் தம்மை நம் கச்சியம்பதியின் மக்களாகவே எண்ணுகின்றனர் என்பது கருதற்பாலது.

சில ஆண்டுகட்கு முன் ஆடித் திங்களில், யாமும் எம் நண்பர் ஒரு புலவரும், கச்சிராயபாளையத்தின் வழியே கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்குச் சென்றோம். மலைமக்கட்குச் சைவம் உணர்த்துவது எம் நோக்கம். ஒரு கட்டுத் துண்டுத்தாள்களும் அச்சிட்டுக் கொண்டு சென்றோம். (அவற்றைப் படிப்பார் எத்துணையர் என அச்சிடுமுன் கேட்டறியவில்லை.) ஒரு சிற்றூரில் முதியவர் ஒருவர் எம்மைத் திண்ணையில் இருத்திச் சாமைச்சோறும் அவரைக் குழம்பும் இட்டார். கை கழுவிய உடனே நண்பர், "பெரியவரே, நீங்கள் சைவரா, வைணவரா?" என்றார்.

"நாங்க கரிராமன் புள்ளைங்க ஐயா. திருநீறும் பூசுவோம், நாமமும் போடுவோம். எது வேணும்னு சாமிக்குத் தெரியும்" என்றார் அவர்.

நண்பர் எம்மை நோக்கி முறுவலித்தார். யாமும் முறுவலித்தோம் என்பதை மறைத்தற்கில்லை. பேச்சு மணமுறைக்குத் திரும்பிற்று. மலையாளிகளுள் மணமகன் வீட்டாரே பெண்வீட்டார்க்குப் பரியம் கொடுப்பது தொன்றுதொட்ட வழக்கம். "பெண்ணை விலைக்குக் கொடுப்பது முறையோ?" என்று நண்பர் இடித்துரைத்தார். முதியவர் சினந்திலர். சற்றுப் பொறுத்து, "கீழ்நாட்டுல பொண்ணைப் பெத்தவங்களே காசும் நகையும் குடுத்துக் கட்டிக் குடுப்பாங்களாமே, மெய்தானா ஐயா? அந்தப் பொண்ணு என்ன குத்தம் பண்ணுச்சு?" என்றார்.

அன்பர்காள்! எம் மகளை மணஞ்செய்து கொடுத்த காலத்து, சம்பந்தி வீட்டார் கேட்டதனைத்தும் கடன்பட்டுக் கொடுத்தோம். வரதட்சிணையைத் தடுக்கும் சட்டம் 1961-லேயே வந்ததனை அறிந்தும் கொடுத்தோம். அதனைச் சீர் என்றும் மரபு என்றும் பெயரிட்டோம். பரியம் எமக்கு விலையாகத் தோன்றியது. எம் சீர் எமக்கு விலையாகத் தோன்றவில்லை. படிகத்தின் நிறம் படிகத்துக்குத் தெரியாதாயிற்று.

அன்று இரவு அருணந்தி சிவாசாரியர் திருவுள்ளம் எம் நினைவுக்கு வந்தது. அவர் சிவஞானசித்தியார் பரபக்கத்துள் உலகாயதர் முதலாகப் பதினான்கு மதத்தாரை எடுத்து மறுக்கின்றார். மறுக்குமுன் ஒவ்வொருவர் கொள்கையையும் அவர்தம் நாவினின்று வந்தாற்போலவே அநுவதித்து நிறுத்துகின்றார். பொய் என ஒதுக்குதற்குரிய கொள்கைக்கும் அத்துணை மதிப்பு அளித்தார் ஆசாரியர். எம்மைச் சோறிட்டு வரவேற்றார் கொள்கை யாதென ஒரு நாழிகை கேளாமலே அகம், அகப்புறம், புறம், புறப்புறம் என்னும் படியில் அவரை எங்கே நிறுத்துவது என யாம் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அற்றேல், எல்லாச் சமயமும் ஒன்றே என்பது நும் கருத்தோ எனின், அற்றன்று. படிமுறை உண்டு என்பதே நம் துணிபு. ஆயின் உயிரின் பக்குவம் நோக்கிச் சத்திநிபாதம் நிகழ்த்துவோன் இறைவன். அளவுகோல் அவன் கையில் உள்ளது. ஒரு கூட்டத்தாரின் வழக்கம் அனைத்தும் குற்றமற்றது என்பதும் எம் கருத்தன்று. இளஞ்சிறுமியரை மணத்திற் பிணைத்தல் மலையில் நிகழினும் நாட்டில் நிகழினும் தீங்கே. அதனைக் கண்டிக்கும் உரிமை, கேட்கும் கடமையைச் செய்தார்க்கே உண்டு.

திருக்காளத்தியில் நிகழ்ந்ததை நோக்குக. ஆகம நெறி வழுவாத சிவகோசரியார், சந்நிதியில் இறைச்சியும் எலும்பும் கிடக்கக் கண்டு பதைத்தார். அவர் பூசை தவறு என இறைவன் கூறினானல்லன். திண்ணனார்க்கு ஆகமம் கற்பி எனவும் பணித்தானல்லன். மறைந்து நின்று காண்க என்றான். கற்றவர்க்கு இடப்பட்ட பணி அதுவே. கண்ணப்பர் கண்ணிடந்து அப்பியதனைப் போற்றும் நாம், சிவகோசரியார் மறைந்து ஒடுங்கி நின்றதனைப் பேசுவதில்லை.

இக்கள்ளக்குறிச்சிச் சீமையும் அதனை அறியாததன்று. திருநாவலூரில் நரசிங்க முனையரையர், தகாத கோலத்தோடு வந்தவரைப் பிறர் இகழ்ந்து ஒதுங்கவும், மேனியில் நீறு கண்டு, ஏனையோர்க்கு ஈந்ததினும் இருமடங்கு பொன் ஈந்தார்.

2024 சூன் மாதத்திற் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அருந்தி அறுபதின்மர்க்கு மேல் மாண்டனர். அவ்வாரம் பேருந்திலும் கடைத்தெருவிலும், "எல்லாம் மலைக்காரன் வேலை" என்ற சொல் எம் செவியில் விழுந்தது. மலையிற் சிலர் சாராயம் காய்ச்சியது உண்மை; மறுத்தற்கில்லை. ஆயின் அன்று உயிர் குடித்தது மெத்தனால். அஃது ஆலையிற் பிறக்கும் பொருள், சாமைக்கொல்லையில் விளைவதன்று. எமக்கு அத்திண்ணையும் அம்முதியவரும் தோன்றினர். ஒருமுறை அங்கிருந்து உண்டிராவிடின் யாமும் அச்சொல்லையே சொல்லியிருப்போம்.

ஆதீனங்களினின்று மலைக்குச் சமயப்பணி மேற்கொள்ளும் அன்பர்கட்கு ஒரு விண்ணப்பம். முதலாண்டில் சொற்பொழிவு வேண்டா. விழாவொன்றை முதலினின்று முடிவுவரை இருந்து காண்க. கரிராமனுக்கு வேறு பெயர் சூட்ட விரையாதீர்கள்.

வருகின்ற ஆடியில் யாம் மறுபடியும் செல்ல எண்ணியுள்ளோம். துண்டுத்தாள்களில் எஞ்சியவை எம் வீட்டுப் பரண்மேல் உள்ளன, அவற்றைக் கொண்டுபோவதில்லை. கோயிலின் ஓரத்தில் உட்கார இடம் தருவதாக முதியவர் சொல்லியனுப்பியிருக்கின்றார். அவர் வினாவுக்கு விடை இன்னும் எம்மிடம் இல்லை.